அண்ணியின் வளையத்தில் அரைச் சுற்று

அண்ணி,

இன்று காலை மருமகள் ஒரு சின்ன உருண்டையை என் கையில் கொடுத்து, துணி துவைக்கும் மெஷினில் போடச் சொன்னாள். நீலச் சோப்புத் தண்ணீரை மெல்லிய தோலுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் சோப்புக்குக்கூடச் சட்டை போட்டுவிடுகிறார்கள். நான் அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருந்தேன். கையில் ஈரம். உருண்டையின் தோல் விரலோடு ஒட்டி, வழுக்கி, நூலாக இழுபட்டு, கண் முன்னாலேயே காணாமல் போனது. சோப்பு தரையெல்லாம் ஓடியது.

"மாமா, ஈரக் கையால தொடாதீங்கன்னு டப்பாவுலயே போட்டிருக்கு லா!" என்று அவள் கத்தினாள். நான் அசையவில்லை. இரண்டு விரலையும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வழுவழுப்பு எனக்குத் தெரியும் அண்ணி. இந்தக் கெடா மாநிலத்திலேயே நம் இரண்டு பேருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

"இந்தத் தோலைப் பாடாங் செராய்க்கு முதன்முதலில் கொண்டுவந்தவனே நான்தான்" என்று மருமகளிடம் சொன்னேன்.

"ஆமா மாமா, நிலாவுக்கும் நீங்கதான் முதல்ல போனீங்க" என்றாள்.

அப்படியே உங்கள் வாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு சலவைக் கம்பெனிக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் பாலிங் சாலை வளைவுகளில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றிய ஆள் என்னைப்போல் அன்று எவனும் கிடையாது. நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் பாடாங் செராய்த் தோட்டத்து வீட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்றைச் சீதனமாகக் கொண்டுவந்திருந்தீர்கள். சட்டை, பாவாடை, மாதா கோவிலுக்குப் பீடத்துணி, எல்லாம் அதில்தான்.

தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு நிச்சயம் பேச பாக்கார் ஆராங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள் நினைவிருக்கிறதா? மறப்பீர்களா. சம்பந்தியம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, முழுதாக உட்கார்ந்தால் புடவை அழுக்காகிவிடும் என்பதுபோல், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பொண்ணுக்கு முக்காடு நானே பினாங்குல வாங்கி வச்சிட்டேன். எஸ்டேட் பக்கம் நீங்க எங்க போயித் தேடுவீங்க, பாவம்" என்றார்.

அந்தப் 'பாவம்' என்னைச் சுட்டது. திரைக்குப் பின்னால் ஸ்டெல்லாவின் கால்விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன். பிறகு என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"எதுக்கு சம்பந்தியம்மா வீண் அலைச்சல்? எங்க அண்ணி போடுவாங்க. முக்காட்டைச் சுத்தி லேஸு. அடியில துணியே கிடையாது. வெறும் நூலு. காத்துல பூ நிக்கும்!"

"துணியில்லாம நூலு எப்படிங்க நிக்கும்?"

"நிக்கும்."

"சரி, பார்ப்போம். இல்லாட்டி என்னோடது இருக்கவே இருக்கு."

அவர்கள் கார் கிளம்பி, தூசி அடங்கியதும், நீங்கள் தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, மிகவும் மரியாதையாகக் கேட்டீர்கள்:

"தம்பி, துணியில்லாம நூலு எப்படி நிக்கும்?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. கோவில் பீடத்தில் எப்போதோ ஒரு வெளிநாட்டுக் கன்னியர் கொடுத்துவிட்டுப் போன துணியின் ஓரத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான். ஸ்டெல்லா வந்து உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அண்ணி, அவுங்க முக்காட்டப் போட்டுக்கிட்டுப் போனேன்னா, 'உங்க வீட்டுல தலைக்கு மூடக்கூட ஒண்ணுமில்லாம வந்தவதானே நீ'ன்னு நான் சாகற வரைக்கும் கேக்கணும்" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சனிக்கிழமை கோவில் கூட்டும் சாக்கில் போய், பீடத்துணியின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஒரு மணி நேரம் இருக்கும். துடைப்பத்தை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். கடைசியில் நிமிர்ந்து, "ஏதோ ஒண்ணு அடியில இருந்திருக்கு தம்பி. தைக்கிற வரைக்கும் தாங்கியிருக்கு. தச்சு முடிஞ்சதும் எடுத்திருக்காங்க. எப்படி எடுத்தாங்கன்னுதான் தெரியல" என்றீர்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. இல்லாத ஒன்றை, இருந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் யாருக்கு வரும்? பெரிய பெரிய எஞ்சினியர்களுக்கு நான் லோரி ஓட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் அந்தக் கண் கிடையாது.

பிறகு தேடல். முதலில் செய்தித்தாள். ஊசி குத்தக் குத்தத் தாள் பொடிந்து, வெள்ளை நூல் மைபட்டுச் சாம்பலாக வந்தது. அடுத்து கஞ்சி போட்டு விறைத்த மல்துணி. தைக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் துணி துணியாகவே இருந்தது, போக மாட்டேன் என்றது. மூன்றாவது யோசனை என்னுடையது. அகர் அகர் கடற்பாசியைக் காய்ச்சித் தட்டில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் காயவைத்தோம். கண்ணாடி மாதிரி வந்தது. நான் துள்ளினேன். முதல் தையலிலேயே அப்பளம்போல் நொறுங்கியது. மிச்சத்தை எறும்புகள் தூக்கிக்கொண்டு போயின. நூறு எறும்பு வரிசையாக, சுரூபம் தூக்கிப் போகிற சப்பரம்போல. நீங்கள் மெஷினில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். அந்த ஆறு வாரத் தேடலில் நீங்கள் சிரித்ததே அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் அந்தப் பை.

சலவைக் கம்பெனியில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் பாக் மாட். ஆஸ்பத்திரித் துணிகளில் தொற்றுநோய்த் துணி மட்டும் தனியாக, கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய ஒரு பையில் கட்டி வரும். அதை யாரும் பிரிக்கக் கூடாது. பையோடு அப்படியே சுடுதண்ணீரில் போடுவார். அதுவரை ஆயிரம் தடவை அந்தப் பையை ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒருமுறையும் யோசித்ததில்லை. அன்று உங்கள் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேனோ என்னவோ, கேட்டேன்: "பாக் மாட், துணி வெளிய வருது, பை எங்க போகுது?"

அவர் சிரித்து, கையைத் தண்ணீர்மேல் ஆட்டிக் காட்டினார். "ஹபிஸ்." தீர்ந்தது. ஒன்றுமில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அண்ணி. தாங்கிவிட்டுக் காணாமல் போகிற சாமான்! புதிதாக வந்த பைக் கட்டுகளில் ஓரம் கிழிந்து, துணி கட்ட உதவாமல் ஒதுக்கிவைத்தவை சில மூலையில் கிடந்தன. கேட்டேன். "அம்பில் லா, சுடா கோயாக்" என்றார், எடுத்துக்கொள், கிழிந்ததுதானே என்று. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பாடாங் செராய்வரை ஓட்டிவந்தேன். விமானம்கூட அன்று என்னை முந்தியிருக்காது.

நீங்கள் துள்ளவில்லை. ஒரு துண்டை வெட்டி, விரலில் சுற்றி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நெடுக்கில் ஒருமுறை குறுக்கில் ஒருமுறை கிழித்துப் பார்த்தீர்கள். "இந்தப் பக்கம் சுலபமாக் கிழியுது, அந்தப் பக்கம் மாட்டேங்குது. அப்ப ரெண்டு தாளு. ஒண்ணு நெடுக்க, ஒண்ணு குறுக்க" என்றீர்கள். பூத்தையலுக்குத் துணியைப் பூட்டுகிற இரட்டை வளையத்தை எடுத்து, உள்வளையத்தில் தாள் வழுக்காமலிருக்க என் பழைய கைலியைக் கிழித்துச் சுற்றினீர்கள். என்னுடைய கைலி என்பதை நான் பின்னால் ஊரெல்லாம் சொன்னேன், தப்பா? மெஷினில் துணியை அமுக்குகிற பாதத்தைக் கழற்றி, துணியைத் தள்ளுகிற பல்லைத் தகடு வைத்து மூடி, வளையத்தைக் கையாலேயே நகர்த்தி ஒரு பூ தைத்தீர்கள். ஐந்து இதழ். என்ன அழகு! சட்டியில் சுடுதண்ணீர் வைத்து, மூன்று பேரும் குனிந்தோம்.

தாள் கரைந்தது. பூவும் கரைந்தது. நூல்கள் தனித்தனியாக மிதந்தன. பூ அல்ல, இடியாப்பம்.

ஸ்டெல்லா எழுந்து போய்விட்டாள். நான் பையைத் திட்டினேன், பாக் மாட்டைத் திட்டினேன், நூல் விற்ற கடைக்காரரைத் திட்டினேன். நீங்கள் மட்டும் சட்டியைவிட்டு நகரவில்லை. மிதக்கிற நூலை ஒரு குச்சியால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தீர்கள்.

"நூலு நூலத் தொடல தம்பி. எல்லாம் தாளத்தான் பிடிச்சிருந்திருக்கு."

மறுநாள் முதலில் வெறும் வலை தைத்தீர்கள். குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு கோடும் இன்னொன்றின்மேல் ஏறி இறங்க. அதன்மேல் பூ. அதன்மேல் ஓரம். சுடுதண்ணீரில் போட்டுத் தூக்கினீர்கள். உங்கள் விரல்நுனியில் ஒரு பூ தொங்கியது. நடுவில் ஓட்டை ஓட்டையாக அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. நான் என் வாழ்நாளில் வாயடைத்துப்போன இடங்கள் இரண்டு. அதில் ஒன்று அது.

பன்னிரண்டு பூ வேண்டும் என்று கணக்குப் போட்டீர்கள். சோதனைக்கு வெட்டியது போக, தாள் சரியாகப் பன்னிரண்டுக்குத்தான் தேறியது. அதைப் பிஸ்கட் டின்னில் அரிசி போட்டு, அரிசிமேல் வைத்து மூடினீர்கள், ஈரம் அண்டாமல். வளையத்தில் தாளைப் பூட்டும்போது எனக்கு ஒரே வியப்பு. மேசையில் வெளிவளையம், அதன்மேல் தாள், அதற்குமேல் உள்வளையத்தை வைத்து அமுக்கி, பித்தளைத் திருகாணியை இரண்டு விரலால் திருகி, இன்னும் அரைச் சுற்று வருமே என்கிற இடத்தில் விட்டுவிடுவீர்கள்.

"இன்னும் இறுக்குங்க அண்ணி. தப்பு மேளம் மாதிரி டிண்ணுன்னு இருக்க வேணாமா?"

"வேணாம் தம்பி. படுத்த வாக்குல இருக்கணும். இழுத்தா அதுக்கு வலிக்கும். அப்புறம் அவுத்துவிட்டதும் சுருங்கிக்கும்."

வலிக்கும்! பிளாஸ்டிக்குக்கு! நான் அன்று முழுக்கச் சிரித்தேன்.

பதினோரு பூ ஆயிற்று. எதையும் கரைக்கவில்லை. பன்னிரண்டும் முடியட்டும், ஒன்றாகக் கரைக்கலாம் என்று தாளோடேயே வைத்திருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா ஆள் அனுப்பினார், நாளைக்கே கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று. அன்று மத்தியானம் நல்ல மழை. கடைசித் தாளை வளையத்தில் பூட்டி வைத்துவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினீர்கள்.

இதை நான் இன்று காலைவரை யாரிடமும் சொன்னதில்லை.

மழை ஈரத்தில் தாள் தளர்ந்து, நடுவில் தொய்ந்து கிடந்தது. நான் லோரிக்காரன். தொய்ந்த கேன்வாஸைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மழையில் கேன்வாஸ் தளர்ந்தால் சரக்கு போயிற்று. அப்படித்தான் எனக்குப் பழக்கம். உங்களுக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. தாளை நாலாபக்கமும் இழுத்து, பிளையரால் திருகாணியைப் பிடித்து ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று. தட்டிப் பார்த்தேன். தப்பு மேளமே தோற்றது. பிளையரைப் பையில் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

நீங்கள் வந்து, நேரமாகிவிட்டது என்று அப்படியே உட்கார்ந்து தைத்தீர்கள். ஊசியின் சத்தம் மாறியிருந்தது. எனக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்காமலா இருக்கும்? ஆனால் வேறு தாள் இல்லை. முடித்து வளையத்தை அவிழ்த்ததும், வட்டமாக இருந்த பூ முட்டை மாதிரி ஒருபக்கம் சுருங்கிக் கோணியது.

"பை பழசு அண்ணி. கிழிஞ்ச பைதானே" என்றேன்.

"ம்" என்றீர்கள்.

பாக்கார் ஆராங் வீட்டின் வரவேற்பறையில் பன்னிரண்டு தாளையும் மேசைமேல் பரப்பினோம். சம்பந்தியம்மா ஒன்றை விரல்நுனியால் தூக்கினார். அது சலசலத்தது.

"என்னங்க இது, பிளாஸ்டிக்கு? பொண்ணுக்கு முக்காடா, மழைக்கோட்டா?"

அவருடைய தங்கைகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "சுடுதண்ணி கொண்டாங்க! உங்க கண்ணு முன்னாலயே காட்டுறோம்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டும் போனால் மறுபடி செய்யத் தாளும் இல்லை, நாளும் இல்லை. உங்கள் பக்கம் திரும்பவே பயம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கடிகாரத்தைப் பிரித்து மாட்டுகிறவர் மாதிரி அமைதியாக எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, "பெரிய பேசினா இருந்தா நல்லது சம்பந்தி" என்றீர்கள்.

குசினிக்குள் போய், அடுப்பில் காய்ந்த முதல் தண்ணீரில் போட்டதும் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு, மூக்குச்சளி மாதிரி ஒரு கட்டி. கோந்து வாடை. யாரோ "அய்யய்யோ" என்றார்கள். நீங்கள் கையை உள்ளே விட்டுக் கசக்கவில்லை, பிழியவில்லை. குழந்தையின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி அலசினீர்கள். இரண்டாவது தண்ணீர். கட்டி கொஞ்சம் இளகியது. மூன்றாவது தண்ணீரில், அண்ணி, ஒவ்வொன்றாகப் பிரிந்து, நீர்மட்டத்தில் விரிந்தன. வெள்ளை வெளேரென்று. அடியில் பேசினின் பச்சை நிறம் பூவின் ஓட்டைகளில் தெரிந்தது. அந்தக் குசினியில் நின்ற ஆறேழு பெண்களும் பேசினைச் சுற்றிக் குனிந்தார்கள். வாயடைத்துப்போன இடங்கள் இரண்டு என்றேனே, இது மற்றது.

நாலாவது தண்ணீர் வைக்கட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, "வேணாம். கொஞ்சம் கோந்து உள்ள இருக்கட்டும். அதான் விறைப்புக் கொடுக்கும்" என்றீர்கள். ஒவ்வொரு பூவையும் ஈரத்தோடு எடுத்து ஜன்னலின் கண்ணாடிப் பலகைகளில் ஒட்டினீர்கள். வெயில் அடித்தது. பன்னிரண்டு பூவும் சுவரில் நிழலாக விழுந்தன. சம்பந்தியம்மா நிழலைத்தான் முதலில் தொட்டார். பிறகு கண்ணாடிக்கு வந்து, கடைசிப் பூவின் முன்னால் நின்றார்.

"இது ஒண்ணு மட்டும் ஏன் கோணலா இருக்கு?"

நான் சுவரோடு சுவரானேன்.

"அது என் கை இல்ல சம்பந்தி. எங்க தம்பி கை" என்றீர்கள், என்னைப் பார்க்காமலே. "கல்யாணப் பொண்ணுக்கு அண்ணன்காரன் ஒருத்தன் வளையத்தப் பிடிச்சான்னு ஒரு அடையாளம் இருக்கட்டும்னுதான் விட்டுட்டேன்."

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வரவேற்பறையில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் கணவரைப் பார்த்தார். "எங்க வீட்டு ஆம்பிள குடிச்ச கப்பக்கூடத் தூக்கி வைக்க மாட்டாரு" என்றார். சிரிப்பு அங்கேதான் தொடங்கியது. "ஸ்டெல்லாவுக்கு இதுவே இருக்கட்டும். அந்தக் கோணப் பூவ நெத்திக்கு மேல வைங்க, எல்லாரும் பாக்கட்டும். பினாங்குல வாங்கினத நான் திருப்பிக் கொடுத்திர்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். என் கைதான் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று கேட்கிற நிலையிலேயே நான் இல்லை. "அந்தக் கோணப் பூ நான் வேணும்னே வச்ச டிசைன்" என்று பந்தியில் ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நாற்பது வருடம் சொன்னேன். ஸ்டெல்லாவின் பிள்ளைகளுக்குச் சொன்னேன், அவர்களின் பிள்ளைகளுக்கும் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறையாவது "பிளையர் எங்க தம்பி?" என்று கேட்டிருக்கலாம்.

நீங்கள் போய் மூன்று தவக்காலம் ஆயிற்று. உங்கள் சாமான்களை ஒழுங்கு செய்தபோது பிஸ்கட் டின்னை ஸ்டெல்லா என்னிடம் கொடுத்தாள். உள்ளே அந்த வளையம். என் கைலித் துணி மங்கிப்போய் அப்படியே சுற்றியிருந்தது. பித்தளைத் திருகாணியில் பிளையரின் பல் பதிந்த தழும்பு, இரண்டு பக்கமும், ஆழமாக. அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைத் துணியைச் சுற்றித் தைத்திருந்தீர்கள், விரலை அறுக்காமலிருக்க. அத்தனை வருடமும் ஒவ்வொரு முறை வளையத்தைப் பூட்டும்போதும் அந்தத் தழும்பைத் தொட்டுத்தான் பூட்டியிருக்கிறீர்கள். அதைத் தொட்டுவிட்டு வந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறீர்கள்.

இன்று மருமகளுக்கு உண்மையைச் சொன்னேன். தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். அவள் நம்பவில்லை. "இதுவும் உங்க கதைதானே மாமா" என்றுவிட்டுப் போய்விட்டாள். நாற்பது வருடம் புளுகியவனுக்கு அது வேண்டியதுதான்.

என்னிடம் மிஞ்சியிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. வளையம் இருக்கிறது. அப்புறம், இந்தக் கையில் ஒரு பழக்கம். காஸ் அடுப்புத் தோம்பின் திருகு, ஊறுகாய் போத்தல் மூடி, பேரனின் சைக்கிள் நட்டு, எதைத் திருகினாலும் இன்னும் அரைச் சுற்று வருமே என்கிற இடத்தில் கை தானாக நின்றுவிடுகிறது. சைக்கிள் நட்டுக்கு அது நல்லதில்லை என்று பேரன் திட்டுகிறான். ஆனால் கை கேட்பதில்லை. "அதுக்கு வலிக்கும் தம்பி" என்று பக்கத்தில் ஒரு குரல்.

வாய்க்குத்தான் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. இந்தக் கடிதத்திலும் அங்கங்கே கொஞ்சம் இழுத்துத்தான் பூட்டியிருப்பேன். அரைச் சுற்றுத் தளர்த்திப் படியுங்கள் அண்ணி.

உங்கள் கொழுந்தன்